முட்டுக்கட்டை போடுறவங்களும் லீடர்தான்

உங்க ஊர்ல தேரோட்டம் பார்த்திருக்கீங்களா? எனக்குச் சொந்த ஊர் திருவாரூர் பக்கம். அங்கே ஓடுற ஆழித்தேர் அலங்காரத்தோட சேர்த்து 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். வடம் பிடிக்க முன்னாடி ஆயிரக்கணக்கான பேர் நிப்பாங்க. சின்ன வயசுல என் கண்ணு முழுக்க அவங்க மேலதான் இருந்துச்சு. கொஞ்சம் பெரியவனானதும்தான் சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சபடியே கூட வர்ற ஆட்களைக் கவனிச்சேன். கையில ஒரு மரக்கட்டை. தேர் ஒரு பக்கமா ஒதுங்கினா, சக்கரத்துக்கு அடியில அந்தக் கட்டையைச் சரியான கோணத்துல வைப்பாங்க, தேர் திரும்பும். வேகம் கூடினா இன்னொரு கட்டை, தேர் நிக்கும். அதுக்குப் பேர்தான் முட்டுக்கட்டை. இப்போ அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் இருக்கு, திருச்சி பெல் நிறுவனம் செஞ்சு கொடுத்தது. ஆனாலும் கட்டை போடுறவங்க கூடவே போறாங்க.

நாம பேச்சுல "முட்டுக்கட்டை போடாதே"ன்னு ஒருத்தரைத் திட்டுறோம். தேர்ல பார்த்தா அதுதான் ஸ்டியரிங், அதுதான் பிரேக்.

இந்த இதழுக்கு டீம் ஒர்க் பத்தி எழுதித் தரச் சொன்னப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இந்தக் கட்டைதான். இன்னும் சில மாசத்துல நம்மில் பலர் வேலைக்குப் போகப் போறோம். அங்கே ஒரு டீம் லீட் இருப்பாங்க, ஒரு மேனேஜர் இருப்பாங்க. "சொன்னதைச் செஞ்சா போதும்"னு நினைச்சுட்டுப் போனா என்ன ஆகும்? தலைமையை டீமுக்குள்ளே பகிர்ந்துக்க முடியுமா? படிச்சதையும், பட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

2 ரூபாய் ரெசிஸ்டர்

முதல்ல பட்டது. மூணாவது வருஷம், ஆறாவது செமஸ்டர், மினி ப்ராஜெக்ட். நாலு பேர் டீம். மேல்நிலைத் தொட்டி நிரம்பினா மோட்டாரைத் தானா நிறுத்துற ஒரு சிஸ்டம். தண்ணி மட்டத்தை அளக்க அல்ட்ராசானிக் சென்சார், மூளைக்கு ஒரு இஎஸ்பி-32 போர்டு. லீடர் நான். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல. ரோல் நம்பர்ல நான் முதல்ல இருந்தேன், அவ்வளவுதான்.

லீடர்னா எல்லாத்தையும் நான்தான் முடிவு பண்ணணும்னு நினைச்சேன். எந்தப் பின்னுக்கு எந்த வயர்ங்கிறது வரைக்கும் நான்தான். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி வரை எல்லாம் ஓடுச்சு. மறுநாள் கைடு முன்னாடி ஆன் பண்ணினோம். காலித் தொட்டிக்கு "நிரம்பிடுச்சு"ன்னு காட்டுச்சு. ரீசெட் பண்ணினோம். அதுக்கப்புறம் அந்தப் பின் எதுக்குமே பதில் சொல்லல.

காரணம் ரொம்பச் சின்னது. நாங்க வாங்கின சென்சார் திருப்பி அனுப்புற சிக்னல் 5 வோல்ட். அந்த போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்குச் செஞ்சவை. நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரிச்சுக் குறைச்சிருக்கணும். ரெண்டும் சேர்த்து 2 ரூபாய் இருக்கும். கைடு கேட்டார்: "இதை யாருமே கவனிக்கலையா?" மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. நான் போர்டைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கோபமாக் கேட்டேன்: "யாருக்காவது தெரியுமா, தெரியாதா?" சால்டரிங் செஞ்ச தோழி மெதுவாச் சொன்னா: "தெரியும். நீ லீடர், பார்த்திருப்பேன்னு நினைச்சேன்."

அன்னைக்கு எனக்கு அவ மேலதான் கோபம். தெரிஞ்சும் சொல்லலையேன்னு. இந்தக் கதையோட மிச்சத்தைக் கடைசியில சொல்றேன்.

பகிர்ந்த தலைமைன்னா என்ன?

முதல்ல அது எது இல்லைன்னு பார்த்துடலாம். "இங்கே லீடரே கிடையாது, எல்லாரும் சமம்"ங்கிறது பகிர்ந்த தலைமை இல்லை. அது பெரும்பாலும் ரெண்டு நாள்ல "யாராவது செய்வாங்க"ன்னு முடியும். முறை வச்சு வாரத்துக்கு ஒருத்தர் லீடர் ஆகுறதும் அது மட்டுமே இல்லை.

ஒரு வேலையோட ஒவ்வொரு கட்டத்திலும், அந்தக் கட்டத்துக்கு யாருக்கு அறிவும் கண்ணும் அதிகமோ அவர் மத்தவங்களை வழிநடத்துவார். மத்தவங்க அதை ஏத்துப்பாங்க. அடுத்த கட்டத்துல அது இன்னொருத்தர் கைக்குப் போகும். பதவி ஒருத்தர்கிட்டயே இருக்கலாம், வழிகாட்டுறது மட்டும் நகர்ந்துட்டே இருக்கும். கிரெய்க் பியர்ஸ், ஜே காங்கர் ரெண்டு பேரும் 2003ல் இதே தலைப்பில் ஒரு நூலைத் தொகுத்தாங்க. அதுக்கப்புறம் மேலாண்மைப் படிப்புல இந்தச் சொல் பரவலாச்சு. ஆனா யோசனை அதைவிடப் பழசு. மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1920களிலேயே இதன் வேரைத் தொட்டுட்டார். உத்தரவு ஒரு மனிதரிடமிருந்து வரக் கூடாது, சூழ்நிலையிலிருந்து வரணும் என்பது அவர் வாதம். ரெண்டு பேரும் சேர்ந்து சூழ்நிலையைப் பார்த்தா, என்ன செய்யணும்னு அதுவே சொல்லும். "நான் சொல்றேன், நீ செய்"க்கு அங்கே இடம் இல்லை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நிஜமான வேலை நடக்கிற இடத்துல இது ஓடுமா?

கயிற்றை இழுத்தா பாட்டு வரும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் தொழிற்சாலை ஒண்ணு இருந்துச்சு. அந்தக் கம்பெனியிலேயே மோசமான ஆலைகளில் ஒண்ணுன்னு பேர் வாங்கினது. எந்த நாளும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் வேலைக்கு வர மாட்டாங்க. திடீர் வேலைநிறுத்தங்கள் சகஜம். எது நடந்தாலும் லைன் மட்டும் நிக்கக் கூடாது. தப்பாப் பூட்டின கார் கண்ணு முன்னாடி போனாலும் போகட்டும், கடைசியில சரி பண்ணிக்கலாம். 1982ல் ஆலையை மூடிட்டாங்க.

அடுத்து டொயோட்டா அங்கே வந்துச்சு. ரெண்டு கம்பெனியும் கூட்டாச் சேர்ந்து, நூமி என்ற பேர்ல, 1984ல் அதே ஆலையைத் திறந்தாங்க. வேலைக்கு எடுத்தவங்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. சங்கமும் அதே சங்கம்தான். நிர்வாகத்தை டொயோட்டா எடுத்துக்கிச்சு. குழுத் தலைவர்களை ஜப்பானில் உள்ள தகவோகா ஆலைக்கு அனுப்பி, அங்கே லைன்ல நிக்க வச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. ஓரிரு வருஷத்துல நூமியின் தரம் அந்த ஜப்பான் ஆலையை நெருங்கிடுச்சு. வேலைக்கு வராதவங்க எண்ணிக்கை ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்குச்சு. அதே ஆட்கள்தான், கவனிங்க.

என்ன மாறுச்சு? நான் படிச்சதில் எனக்கு முக்கியமாப் பட்டது மூணு.

முதலாவது, சின்ன டீம். ஏறத்தாழ ஐந்தாறு பேருக்கு ஒரு டீம் லீடர். அவரும் சங்கத்து உறுப்பினர், அவருக்கும் அந்த டீமின் எல்லா வேலையும் தெரியும். யாராவது வரலைன்னா அந்த இடத்துல அவரே நின்னு பூட்டுவார்.

ரெண்டாவது, ஸ்டாப்வாட்ச் யார் கையில இருந்ததுன்னு பாருங்க. பழைய ஆலையில நம்மை மாதிரிப் படிச்ச இன்ஜினியர்கள் வந்து, ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை நொடின்னு அளந்து, வேலையை வகுத்துக் கொடுத்துட்டுப் போவாங்க. நூமியில தொழிலாளிகள் ஒருத்தரை ஒருத்தர் அளந்து, பேசி, சிறந்த முறையைத் தாங்களே எழுதினாங்க. விதி இருந்துச்சு, கடுமையாவே இருந்துச்சு. ஆனா அதை எழுதினது அதைச் செய்யுறவங்க.

மூணாவது, கயிறு. லைன் நெடுக, தலைக்கு மேல எட்டுற உயரத்துல ஒரு கயிறு ஓடும். அன்டோன்னு பேர், ஜப்பானிய மொழியில விளக்குன்னு அர்த்தம். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா யார் வேணும்னாலும் இழுக்கலாம். இழுத்ததும் ஒரு மெட்டு ஒலிக்கும், பலகையில விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். அவர் வந்ததும் முதல் கேள்வி பிரச்சனை என்னன்னுதான், திட்டு கிடையாது. கவனிங்க, இழுத்த உடனே லைன் நிக்காது. கார் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடுறதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணிட்டா லைன் ஓடிட்டே இருக்கும். முடியலைன்னா மட்டும்தான் நிக்கும். எவ்வளவு அழகான டிசைன் பாருங்க. "நிறுத்தணும்"ன்னு ஒரு சாதாரண ஆள் சொல்லலாம். கூட ஒருத்தர் உடனே வருவார். ரெண்டு பேராலும் முடியலைன்னாதான் மொத்தமும் நிக்கும்.

சரி, வேலை போயிடும்னு பயம் இருந்தா யார் கயிற்றை இழுப்பா? அதையும் யோசிச்சிருந்தாங்க. முடிஞ்ச வரை ஆட்குறைப்பு செய்ய மாட்டோம்னு ஒப்பந்தத்துல உறுதி கொடுத்தாங்க. 1980களின் கடைசியில விற்பனை சரிஞ்சப்போ அந்த உறுதி சோதனைக்கு வந்துச்சு. யாரையும் வீட்டுக்கு அனுப்பல. பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைக்கும் அனுப்பினாங்க. பேச்சைக் காப்பாத்தினதுக்கு அப்புறம்தான் கயிறு நிஜமாவே கயிறாச்சு.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. நூமியில கத்துக்கிட்டதை ஜெனரல் மோட்டார்ஸ் அதே மாநிலத்துல வான் நைஸ் என்ற தன் ஆலையிலும் கொண்டு வரப் பார்த்துச்சு. அங்கே வேர் பிடிக்கல. அந்த ஆலை 1992ல் மூடப்பட்டது. கயிறு கட்டுறது சுலபம். அதை இழுத்தவனை முறைக்காம இருக்கிறதுதான் கஷ்டம். நூமியும் 2010ல் மூடப்பட்டது. அது ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானதை ஒட்டி நடந்த வேற கதை. அந்த ஆலையிலதான் இன்னைக்கு டெஸ்லா கார் தயாராகுது.

ரெண்டு விமானம், ஒரே கம்பெனி

தொழிற்சாலையில தப்பு நடந்தா கார் கெட்டுப் போகும். விமானத்துல?

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் 173, அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இறங்கப் போகுது. சக்கரத்தை இறக்கும்போது பெரிய சத்தம், கூடவே ஒரு சந்தேகம்: சக்கரம் சரியாப் பூட்டியிருக்கா? கேப்டன் விமானத்தை ஊர் மேலேயே வட்டமடிக்க வச்சு, அந்தச் சக்கரத்தையே யோசிச்சுட்டு இருந்தார். எரிபொருள் குறைஞ்சுட்டே வந்துச்சு. கூட இருந்த ரெண்டு பேருக்கும் அது தெரியாம இல்லை. பேச்சு வாக்குல எரிபொருள் அளவைச் சொன்னாங்க. "இப்பவே இறங்கணும், இல்லைன்னா செத்துடுவோம்"னு யாரும் போட்டு உடைக்கல. விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னாடியே எஞ்சின்கள் நின்னுடுச்சு. விமானத்துல 189 பேர். இறந்தது 10 பேர். அதில் ஃப்ளைட் இன்ஜினியரும் ஒருத்தர்.

இதையும் இதுக்கு முந்தின சில விபத்துகளையும் ஆராய்ஞ்சவங்க ஒரு முடிவுக்கு வந்தாங்க. பழுது இயந்திரத்துல மட்டும் இல்லை, காக்பிட்டுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் பேசுற விதத்துலயும் இருக்கு. 1981ல் யுனைடெட் தன் விமானிகளுக்கு ஒரு புதுப் பயிற்சியைத் தொடங்குச்சு. கேப்டனுக்குக் கேட்கக் கத்துக் கொடுத்தாங்க. மத்தவங்களுக்கு அழுத்திச் சொல்லக் கத்துக் கொடுத்தாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம்.

1989 ஜூலை 19. அதே கம்பெனியின் விமானம் 232. டென்வரிலிருந்து சிகாகோ போற டிசி-10. நடுவானில் வால் பக்க எஞ்சினின் விசிறித் தட்டு உடைஞ்சு சிதறுச்சு. அந்தத் துண்டுகள் மூணு ஹைட்ராலிக் அமைப்பையும் அறுத்துடுச்சு. ஸ்டியரிங் இல்லாத பஸ் மாதிரி. இப்படி ஆனா என்ன செய்யணும்னு எந்தக் கையேட்டிலும் இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிக்கல. பயணியா வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச், டிசி-10 பயிற்சி விமானி, உதவட்டுமான்னு கேட்டார். கேப்டன் அவரைக் காக்பிட்டுக்குள்ள கூப்பிட்டு, ரெண்டு எஞ்சின்களின் த்ராட்டிலையும் அவர் கையில கொடுத்தார். ஒரு பக்கம் வேகத்தைக் கூட்டி, மறுபக்கம் குறைச்சு, அதை வச்சே விமானத்தைத் திருப்பினாங்க. முட்டுக்கட்டை வச்சுத் தேர் திருப்புற மாதிரிதான். 44 நிமிஷம் நாலு பேரும் யோசனையைக் கேட்டு, கொடுத்து, சூ சிட்டி ஓடுதளம் வரைக்கும் கொண்டு வந்தாங்க. இறங்கும்போது விமானம் உடைஞ்சுடுச்சு. 112 பேர் இறந்தாங்க. ஆனா 184 பேர் உயிரோட வந்தாங்க. அதுக்கப்புறம் பல மேடைகளில் பேசின ஹெய்ன்ஸ், தன் திறமையைப் பெருசாச் சொல்லிக்கல. அந்தப் பயிற்சியைத்தான் சொன்னார்.

ஒண்ணைக் கவனிங்க. த்ராட்டிலைக் கொடுத்ததால ஹெய்ன்ஸ் கேப்டன் இல்லாம போயிடல. கடைசி முடிவும் பொறுப்பும் அவர்கிட்டதான் இருந்துச்சு.

மேலே தள்ளிப் பார்த்தேன்

விமானம் 173 பத்திப் படிச்ச அன்னைக்கு ராத்திரி, ஏனோ எங்க மினி ப்ராஜெக்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிட்டே போனேன். ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் முன்னாடி, ராத்திரி 11 மணிக்கு மேல, அந்தத் தோழி ஒரு மெசேஜ் போட்டிருந்தா: "சென்சார் அவுட்புட் 5 வோல்ட் வருதே, போர்டுக்கு ஓகேவா?"

அதுக்குக் கீழே என் பதில். கட்டைவிரல் எமோஜி.

அவ சொல்லியிருக்கா. நான்தான் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டியிருக்கேன். அதுக்கப்புறம் வெராண்டாவுல நின்னு அவகிட்டயே கோபப்பட்டேன். அவளோ, "நான் சொன்னேனே"ன்னுகூடச் சொல்லல. மறுநாள் லேப்ல போய் ஸாரி கேட்டேன். "பரவாயில்ல, நானும் கேள்வியாத்தான் கேட்டேன். ஆன் பண்ணாதேன்னு சொல்லியிருக்கணும்"னா. 2 ரூபாய் ரெசிஸ்டர் விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் அந்தக் காக்பிட்ல உட்கார்ந்திருந்தோம்னு அப்போதான் புரிஞ்சுது.

எல்லாரும் லீடர்னா வேலை யார் செய்யுறது?

நியாயமான கேள்வி. இதுக்கு ஃபிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பதில் வச்சிருந்தார். ஆட்களைக் கயிறு இழுக்க வச்சு, விசையை அளந்தார். 1913ல் வெளியான அவர் முடிவுப்படி, ஆள் கூடக் கூட மொத்த விசை கூடுது. ஆனா ஆளுக்கு இவ்வளவுங்கிறது குறையுது. எட்டு பேர் சேர்ந்தா, தனியா இழுத்ததில் சுமார் பாதிதான் ஒவ்வொருத்தர் பங்கு. காரணம் ரெண்டு: எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கிறதில்லை, அப்புறம், "மத்தவங்க இழுக்கிறாங்களே"ங்கிற நினைப்பு. தேர் வடத்தைச் சும்மா தொட்டுட்டு வர்றவங்களை நாம பார்த்ததில்லையா? நானே தொட்டிருக்கேன்.

அதனால பகிர்ந்த தலைமைன்னா பொறுப்பைக் கரைச்சு விடுறது இல்லை. யார் பங்கு எதுன்னு முன்னைவிடத் தெளிவா எழுதி வைக்கணும். வடத்துல ஆயிரம் கை இருக்கலாம். ஆனா இந்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுறது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

நீங்க நாளைக்கே செய்யக் கூடியது

இப்போ இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் அதே நாலு பேர்தான். நாங்க வச்சிருக்கிற விதிகள் இவை. உங்க டீமுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

1. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பேர். ஹார்டுவேர் அவளோடது, கோட் ஒருத்தனோடது, டெஸ்டிங் ஒருத்தனோடது, ரிப்போர்ட்டும் கைடுகிட்டப் பேசுறதும் என்னோடது. அந்தப் பகுதியில அவங்க சொல்றதுதான் முதல் சொல். ஹார்டுவேர் மீட்டிங்கை நான் நடத்த மாட்டேன், அவ நடத்துவா.

2. "கட்டை" என்ற ஒரே வார்த்தை. யாராவது குரூப்பில் அப்படிப் போட்டா, அந்த வேலை பத்து நிமிஷம் நிக்கும், எல்லாரும் கேட்போம். ஒண்ணுமில்லாத விஷயமா இருந்தாலும் சிரிக்கக் கூடாது. இதுவரை ஏழு தடவை வந்திருக்கு. நாலு தடவை ஒண்ணுமில்லை. மூணு தடவை எங்களைக் காப்பாத்திச்சு.

3. ஜாடையாப் பேசுறது கிடையாது. மூணு விஷயத்தைச் சொல்லணும்: என்ன பார்த்தேன், என்ன ஆகும்னு பயப்படுறேன், என்ன செய்யலாம். "5 வோல்ட் வருது, போர்டு போயிடும், ரெசிஸ்டர் போடுற வரை ஆன் பண்ண வேண்டாம்." அவ்வளவுதான். சீனியர்கிட்டயும் மரியாதையோட இதையே சொல்லலாம்: "அண்ணா, இப்படித் தெரியுது, இது ஆகலாம், இப்படிச் செய்யலாமா?"

4. கேள்விக்கு எமோஜி பதில் கிடையாது. இந்த விதி எனக்காகவே போட்டது.

5. நாலு பேரும் ஒத்துப் போகலைன்னா கடைசி முடிவு யாரோடதுன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கோம். அவர் முடிவெடுத்ததும் மத்த மூணு பேரும் அதைத் தன் முடிவு மாதிரியே செய்யணும்.

வேலையில சேர்ந்த முதல் மாசமே நம்மால இப்படி விதி போட முடியாது. சில இடத்துல கயிறே இருக்காது. சில இடத்துல கயிறு இருக்கும், இழுத்தா முறைப்பாங்க. ஆனா நம்ம பக்கத்து மேஜையில இருக்கிறவர் ஒரு சந்தேகம் கேட்கும்போது தலையை நிமிர்த்திக் கேட்கிறதுக்குப் பதவி வேண்டாம். நமக்குத் தெரிஞ்ச ஒண்ணைத் தெளிவாச் சொல்றதுக்கும் பதவி வேண்டாம். பகிர்ந்த தலைமை இந்த ரெண்டு பழக்கத்துலதான் தொடங்குது.

இன்டர்வியூவில் "நீங்க டீம் பிளேயரா?"ன்னு கேட்டா, "ஆமா சார்"னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. எப்போ கட்டை போட்டீங்க, யார் போட்ட கட்டையை மதிச்சீங்கன்னு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்க. இல்லைன்னா, படிப்பு முடியறதுக்குள்ள ஒண்ணை உண்டாக்கிக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க ப்ராஜெக்ட் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்க. நீங்க கட்டைவிரலைக் காட்டி மூடிவிட்ட ஒரு கேள்வி எங்கேயாவது இருக்கும். அதைக் கேட்டவங்களை இன்னைக்கே கூப்பிட்டு, "அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?"ன்னு கேளுங்க.